ஒரு காமிக்ஸ் வாசகனின் வாங்கும் பழக்கமும் வாசிக்கும் பழக்கமும் ஏன் மாறின?

அண்மையில் தமிழ் காமிக்ஸ் வாசிக்கத் தொடங்கியிருக்கும் ஓர் இளைஞர் என்னிடம் கேட்ட கேள்வியின் சாரம் இது: முன்பெல்லாம் வந்த இதழ் ஒன்றையும் விடாமல் வாங்கிய மூத்த வாசகர்கள் பலர் இப்போது தேர்ந்தெடுத்து வாங்குகிறார்களே, அதற்குக் காரணம் விலையா, வயதா, கதைகளா? புதியவர் ஒருவர் சந்தா கட்டுவது நல்லதா, புத்தகக் கண்காட்சியில் பார்த்து வாங்குவது நல்லதா? கூடவே, அவருடைய அப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து இருபது பழைய இதழ்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

விலை ஒரு காரணம்தான், ஆனால் அது முதற்காரணம் அன்று. ஒரு புத்தகம் எந்த வழியாக என் கைக்கு வந்ததோ அந்த வழிதான் அதை நான் எப்படி வாசித்தேன் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது. வழி இரண்டு முறை மாறியது. இரண்டு முறையும் வாசிப்பும் கூடவே மாறியது. இதை விளக்க என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

முதல் வழி, பெட்டிக்கடை. 1984-ல் எனக்கு ஒன்பது வயது, ஊர் பொள்ளாச்சி. சிவகாசியிலிருந்து 1972-ல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் அப்போதே பழைய பெயராகிவிட்டிருந்தது. அதை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எஸ். விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமம் ஜேம்ஸ் பாண்டை முன்னிறுத்தி ராணி காமிக்ஸைக் கொண்டுவந்தது. ஒரே ஆண்டில் இரண்டு புதிய இதழ்கள் பிறந்தது ஒன்பது வயதுக்காரனுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்று விளக்குவது கடினம். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் குறுக்காகக் கட்டிய சணல் கயிற்றில், வார இதழ்களுக்கு நடுவே, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். கடைக்கு வரும் பிரதிகள் பத்தைத் தாண்டாது. எந்த நாளில் வரும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. ஆகையால் பள்ளி விட்டு வரும் வழியில் தினமும் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டுப் போவது ஒரு கடமை. கையில் காசு இல்லாத நாளில் இதழ் வந்துவிட்டால், "அண்ணே, ஒண்ணு எடுத்து உள்ளே வையுங்க, நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று கெஞ்ச வேண்டும். அவர் சில சமயம் எடுத்து வைப்பார், பல சமயம் மறந்துவிடுவார்.

இப்படிக் கிடைத்த இதழை ஒருமுறை வாசித்து வைத்துவிட யாருக்கும் மனம் வராது. அடுத்தது எப்போது என்று தெரியாததால், இருப்பதையே இருபது முறை வாசித்தோம். உரையாடல்கள் மனப்பாடமாகிவிடும். நண்பர்கள் வட்டத்தில் ஐந்து பேர் ஐந்து வேறு இதழ்களை வாங்கிச் சுற்றுக்கு விட்டோம். அதற்கும் மிஞ்சியது வாடகை நூல் நிலையத்தில் கிடைத்தது. வாங்கியது குறைவு, வாசித்தது மிக அதிகம் என்பதே அந்தக் காலத்தின் கணக்கு. "ஒன்றையும் விடாமல் வாங்கினோம்" என்று என் வயதுக்காரர்கள் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். ஒன்றையும் விடாமல் வாசித்தோம் என்பது உண்மைக்கு இன்னும் பக்கத்தில் நிற்கும்.

அன்று நாங்கள் வாசித்தது எந்த வடிவில் என்பதையும் கவனிக்க வேண்டும். இரும்புக்கை மாயாவி பிரிட்டனில் 1962-ல் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில், வாரத்துக்குச் சில பக்கங்களாகத் தொடர்கதையாக வந்தவர். ஒவ்வொரு தவணையின் முடிவிலும் ஒரு திடுக்கிடும் திருப்பம் வைத்தாக வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட கதை அது. அதை மொத்தமாக ஒரே புத்தகத்தில் வாசித்தால் இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி ஆபத்தில் சிக்குவதும் மீள்வதும் இன்று சற்று அலுப்பாகவே இருக்கும். பத்து வயதில் அதுவே மூச்சுவிட விடாத வேகமாகத் தோன்றியது. பிரெஞ்சு, பெல்ஜியக் கதைகளின் நிலை வேறு. அவை பெரிய அளவுப் பக்கத்தில், வண்ணத்தில், நாற்பத்தாறு பக்க ஆல்பங்களாகத் திட்டமிட்டு வரையப்பட்டவை. அவற்றைக் கறுப்பு வெள்ளையில், மலிவான தாளில், சிறிய பக்கத்துக்குள் அடக்கியபோது படக்கட்டங்களை வெட்டி இடம் மாற்ற வேண்டியிருந்தது. நாங்கள் அதைக் குறையாக உணரவில்லை, ஏனென்றால் மூலம் எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. பின்னாளில் அதே கதைகளை வண்ணத்தில் பெரிய அளவில் மீண்டும் வாங்கியதற்கு ஏக்கம் பாதிக் காரணம் என்றால், அவற்றை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்திருக்கவில்லை என்பது மறுபாதி.

இரண்டாவது வழி, தேடல். தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து காமிக்ஸ் மெல்ல மெல்லக் கடைகளிலிருந்து மறைந்தது. மாதம் இருமுறை வந்துகொண்டிருந்த ராணி காமிக்ஸ், ஐந்நூறு இதழ்களைக் கண்டு, 2005-ல் நின்றது. லயனும் முத்துவும் பத்து ரூபாய் விலையில் தொடர்ந்தன. ஆனால் இரண்டு இதழ்களுக்கு இடையே எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அப்போது வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, வாங்கத்தான் புத்தகம் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் குந்தி உட்கார்ந்து, பள்ளிப் பாடநூல்களுக்கும் தேர்வு வழிகாட்டிகளுக்கும் அடியில் துழாவத் தொடங்கினேன். ஆண்டு முழுதும் துழாவினால் பத்துப் பதினைந்து கிடைக்கும். அவற்றிலும் முதல் பக்கம் இராது, அல்லது ஸ்டேப்ளர் பின் கழன்று நடுப்பக்கம் விழுந்திருக்கும், அல்லது யாரோ ஒரு சிறுவன் போட்டிக் கூப்பனைக் கத்தரித்திருப்பான். கூப்பனுக்குப் பின்புறம்தான் கதையின் உச்சக்கட்டம் இருந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் என் பழக்கத்தில் ஒரு கோளாறு புகுந்தது. வாசிப்பதற்காகத் தேடியவன், பட்டியலை நிரப்புவதற்காகத் தேடுபவனாக மாறினேன். எண் வரிசையில் எது விடுபட்டிருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். விடுபட்ட எண் கிடைத்தால் அன்று வரும் மகிழ்ச்சிக்கும் அந்தக் கதையின் தரத்துக்கும் ஒரு தொடர்பும் இராது. உண்மையைச் சொன்னால், மிகுந்த பாடுபட்டுத் தேடிய சில இதழ்களை நான் இன்றுவரை இரண்டாம் முறை திறந்ததில்லை.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் அதே காலத்தில்தான் வாய்த்தது. நினைவிழந்த ஒருவன் தன் அடையாளத்தைத் தேடும் 'இரத்தப் படலம்' எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து பாகம் பாகமாக வந்துகொண்டிருந்த தொடர். ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வாசகர்களின் பள்ளிப் பருவமே முடிந்து போனதுண்டு. 2010-ல் பதினெட்டுப் பாகங்களையும் சேர்த்து, எண்ணூறு பக்கங்களுக்கு மேல், கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக 200 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். அதை நான்கு இரவுகளில் வாசித்தேன். துண்டு துண்டாக வாசித்தபோது வெறும் துரத்தலாகத் தெரிந்தது, தொகுப்பாக வாசித்தபோதுதான் அரசியல் சதிக் கதையாக விரிந்தது. தனி இதழ்களை வாங்குவதை விட்டுத் தொகுப்புக்காகக் காத்திருக்கும் பழக்கம் அமெரிக்க வாசகர்களிடையே அதற்குள் பரவிவிட்டிருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் அந்த நான்கு இரவுகளில் தொற்றியது.

மூன்றாவது வழி, கூரியர் பெட்டி. 2012-ல் லயனும் முத்துவும் புத்துயிர் பெற்று வந்தபோது, பத்து ரூபாய் இதழ் நூறு ரூபாய் ஆனது. வழவழப்பான ஆர்ட் பேப்பர், முழு வண்ணம், பெரிய அளவு. மறு ஆண்டு ஜனவரியில், முத்து காமிக்ஸின் நாற்பதாம் ஆண்டையொட்டி, 400 ரூபாய்க்கு ஒரு சிறப்பிதழ் வந்தது. பெட்டிக்கடைக் கயிற்றில் 400 ரூபாய்ப் புத்தகத்தைத் தொங்கவிட முடியாது. விற்பனை சந்தாவுக்கும், புத்தகக் கண்காட்சிக்கும், இணையத்துக்கும், ஒரு சில ஊர்க் கடைகளுக்கும் நகர்ந்தது. சென்னையில் ஜனவரியிலும் ஈரோட்டில் ஆகஸ்டிலும் லயன், முத்து அரங்கின் முன்னால் நரைத்த தலைகள் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள்; நானும் அங்கே நின்றவன்தான்.

விலை பத்து மடங்கானது குறித்துப் பலர் கோபப்பட்டார்கள். நான் கோபப்படவில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பு, அச்சுக்கோப்பு, வண்ண அச்சுக்கான தட்டுகள் ஆகிய எல்லாச் செலவும் முதல் பிரதி அச்சாவதற்கு முன்பே ஏற்பட்டுவிடுகின்றன. அந்தச் செலவைப் பல்லாயிரம் பிரதிகளில் பகிர்ந்தால் விலை குறையும். சில ஆயிரம் வாசகர்களே உள்ள இடத்தில் ஒவ்வொருவர் தலையிலும் கூடுதலாகத்தான் விழும். எத்தனை பிரதி விற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் விற்காமல் தேங்குவது குறையும் என்பதால்தான் சந்தாவும் முன்பதிவும் வந்தன. 2015-ல், அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளின் நாயகன் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பும், பிறகு இரத்தப் படலத்தின் வண்ணப் பதிப்பும் முன்பதிவை நம்பியே சாத்தியமாயின. ஆகவே சந்தா கட்டுபவர்களால்தான் இந்தச் சிறிய தொழில் நடக்கிறது. இதை மறந்துவிட்டுச் சந்தாவைக் குறை சொல்வது நியாயமாகாது.

ஆனாலும் குறை ஒன்று உண்டு. சந்தா கட்டியவன் ஆண்டுக்கு ஒருமுறைதான் முடிவெடுக்கிறான். அந்த ஒரு நாளுக்குப் பிறகு, எதை வாங்குவது என்ற கேள்வியே அவனிடம் வருவதில்லை. பெட்டி வருகிறது, கையெழுத்துப் போட்டு வாங்குகிறான், முகர்ந்து பார்க்கிறான் (சிரிக்காதீர்கள், அச்சு மை வாசனைக்காகப் பெட்டியைத் திறந்தவுடன் முகராத வாசகனை நான் கண்டதில்லை), அலமாரியில் அடுக்குகிறான். ஓராண்டு மழைக்காலத்தில் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, வாசிக்காமல் அடுக்கிய இதழ்கள் முப்பத்தெட்டு என்று எண்ணினேன். அவற்றில் பதினொன்று கூரியர் உறையிலிருந்து எடுக்கப்படவே இல்லை. ஒரே இதழை இருபது முறை வாசித்த அதே கைகள்தாம் இவற்றையும் அடுக்கி வைத்தன. கதைகள் மோசமாகிவிட்டன என்று சொல்ல முடியாது. வாசித்தால்தானே அப்படிச் சொல்ல முடியும்! நேரமின்மை என்றும் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை, ஏனென்றால் நாற்பத்தாறு பக்க ஆல்பம் ஒன்றை வாசிக்க முக்கால் மணி நேரம் போதும். காத்திருப்பு இல்லாமல் போனதால் ஆவல் எழவில்லை என்பதே என் கணிப்பு.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்களைச் செய்தேன். முதலாவது, நாயகனைப் பார்த்து வாங்குவதை விட்டுப் படைப்பாளியைப் பார்த்து வாங்கத் தொடங்கினேன். பழைய தமிழ் இதழ்களில் எழுத்தாளர், ஓவியர் பெயரெல்லாம் பெரும்பாலும் அச்சானதில்லை. சிறு வயதில் நான் உருகி வாசித்த ஸ்பைடரின் (ஸ்பைடர்மேன் அல்ல, பிரிட்டிஷ் நாயகன்) கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்பதும், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் அவர் ஒருவர் என்பதும் எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரியும். இரத்தப் படலத்தை எழுதிய பெல்ஜிய எழுத்தாளர் ழான் வான் ஹாம்தான் 'லார்கோ வின்ச்', 'தோர்கல்' தொடர்களையும் எழுதியவர் என்று அறிந்த பிறகு, மூன்றிலும் ஒரே கை தெரிந்தது: தான் யார், தன் தந்தை யார் என்று தெரியாத ஒருவனைப் பெரும் பணத்துக்கோ அதிகாரத்துக்கோ நடுவில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பது அவர் வழக்கம். இப்படி வாசிக்கத் தொடங்கியதும் வாங்க வேண்டியவை தாமாகக் குறைந்தன. கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் ஒரு விதிவிலக்கு. இத்தாலியில் 1948-ல் தொடங்கிய அந்த நெடுந்தொடரைப் பல தலைமுறை எழுத்தாளர்களும் ஓவியர்களும் உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே இன்னும் நாயகனுக்காகத்தான் வாங்குகிறேன், அதற்கு நியாயம் கற்பிக்கவும் முயல்வதில்லை.

இரண்டாவது மாற்றம், புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ள ஒன்றை வாசித்து முடிப்பது. தொடர் கதையானால் கடைசிப் பாகம் வரும்வரை முதல் பாகத்தைத் தொடுவதில்லை. வாசிக்கும் விதமும் மாறிவிட்டது. முதல் முறை கதைக்காக வேகமாகவும், சில நாள் கழித்து இரண்டாம் முறை உரையாடலை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தபடியும் போகிறேன். டைகர் கதைகளின் ஓவியர் ழான் ஜிரோ ஒரு பாலைவனத்துக்கு எத்தனை நிறம் கொடுத்திருக்கிறார் என்பதைப் பத்து வயதில் பார்க்க வழியில்லை, கறுப்பு வெள்ளை, நாற்பதில் பார்க்கப் பொறுமையில்லை, இப்போதுதான் பார்க்கிறேன்.

பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்பதைப் பற்றிக் கேட்டால், முதலீடாக நினைத்து அதில் இறங்க வேண்டாம் என்பேன். எண்பதுகளின் பழைய இதழ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவர்கள் உண்டு. ஒரு காமிக்ஸ் அரிதாவது, யாரும் அதைப் பாதுகாக்காததால்தான். எங்கள் ஊரில் பாதி இதழ்கள் கடலை மடிக்கவும் அடுப்பெரிக்கவும் போயின, மீதியைக் கரையான் தின்றது. எல்லாரும் பாதுகாத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 1991-ல் வெளியான எக்ஸ்-மென் முதல் இதழ் சாட்சி. ஒரே கதைக்குப் பல அட்டைகள் போட்டு எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் கடைகளுக்குப் போயின. நாளை விலை ஏறும் என்று ஒருவரே ஐந்தாறு பிரதி வாங்கி நெகிழி உறையில் வைத்தார்கள். இன்றும் அது அங்கே அற்ப விலைக்குக் கிடைக்கிறது. அந்த ஊக வணிகம் சரிந்தபோது ஏராளமான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. எக்ஸ்-மென்னை வெளியிட்ட மார்வெல் நிறுவனமே 1996-ன் இறுதியில் திவால் பாதுகாப்புக் கோரியது. நம்மிடையே வாசிக்க ஒன்று, சேமிக்க ஒன்று என இரண்டு பிரதி வாங்கும் நண்பர்கள் உண்டு. அதனால் பதிப்பாளருக்கு நன்மை. விலை ஏறும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம். தவிரவும், 2015 வாக்கிலிருந்து மாயாவி போன்ற பழைய நாயகர்களின் கதைகள் மறுபதிப்பாக வந்துகொண்டிருக்கின்றன. வாசிப்பதுதான் நோக்கம் என்றால் அவை போதும்.

திரை வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில மாத இதழ்களை நான் இப்போது திரையில்தான் வாசிக்கிறேன். ஒருமுறை வாசித்து மறக்கக்கூடியவற்றுக்கு அதுவே ஏற்றது. ஆனால் அங்கே நாம் வாங்குவது வாசிக்கும் அனுமதியைத்தான். 2007-ல் தொடங்கி மின் காமிக்ஸுக்குப் பெரிய சந்தையாக வளர்ந்த காமிக்ஸாலஜியை 2014-ல் அமேசான் வாங்கியது. 2022-ல் அதன் தனி விற்பனைத் தளம் மறைந்தது, 2023-ன் இறுதியில் அதன் செயலியும் கிண்டிலோடு இணைந்தது. மீண்டும் மீண்டும் திறக்க நினைக்கும் புத்தகத்தை அதனால்தான் தாளில் வாங்குகிறேன். ஸ்கேன் செய்து சுற்றுக்கு விடப்படும் தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை, இன்றும் விற்பனையில் இருக்கும் இதழை அப்படி வாசிப்பது, சில ஆயிரம் பேரை நம்பி நடக்கும் தொழிலில் ஒருவரைக் குறைப்பதாகும்.

இனி, கேள்வி கேட்ட இளைஞரே, உங்கள் நிலைமைக்கு வருவோம். முதல் ஆண்டில் சந்தா வேண்டாம். புத்தகக் கண்காட்சிக்குப் போய், ஒரு லக்கி லூக் (நகைச்சுவைக் கௌபாய்), ஒரு டெக்ஸ், ஒரு லார்கோ, ஒரு பழைய மாயாவி மறுபதிப்பு என வெவ்வேறு வகையில் நான்கை மட்டும் வாங்குங்கள். எதை நீங்களாகவே இரண்டாம் முறை எடுத்தீர்கள் என்று கவனியுங்கள். அந்த வகையின் பிற இதழ்களைத் தேடுங்கள். இரண்டாம் ஆண்டில், அறிவிக்கப்பட்ட பட்டியலில் பாதிக்கு மேல் உங்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றினால் சந்தா கட்டுங்கள். சந்தாவைச் சில ஆண்டுகளில் பிரிவுகளாகவும் அறிவித்திருக்கிறார்கள்; அப்படி வந்தால் ஒரு பிரிவோடு நிறுத்திக்கொள்ளலாம். பெருந்தொகுப்புகளுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்துங்கள், அவை தீர்ந்துவிட்டால் மறுபடி அச்சாகும் என்ற உறுதி இல்லை.

அப்பாவின் பெட்டியிலிருந்த இருபது இதழ்களை அவசரப்பட்டு விற்க வேண்டாம். அழகுக்காகப் பைண்டிங்கும் செய்துவிடாதீர்கள். பைண்டிங் செய்பவர் மூன்று பக்கமும் வெட்டிச் சமப்படுத்துவார். சிறிய பக்கத்தில் ஓரம் வரை வரைந்த படங்களில் பாதி விரல், பாதித் தொப்பி என்று போய்விடும். அதோடு சேகரிப்பாளர்களிடம் மதிப்பும் போய்விடும். என் முதல் நாற்பது இதழ்களை அப்படித்தான் நானே கெடுத்தேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் துருப்பிடித்த பின்களைப் பின்பக்கமாக நிமிர்த்தி மெல்லக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். மலிவான தாள் வெளிச்சத்திலும் ஈரத்திலும் பழுத்து ஒடியும், ஆகையால் வெயில் படாத இடத்தில் வையுங்கள். புதிய ஆர்ட் பேப்பர் இதழ்களோடு சேர்த்து இறுக்கி அடுக்க வேண்டாம், மழைக்காலத்தில் அவை ஈரம் பட்டால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் செய்யும்போது முன்னட்டையின் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள். வாடகை நூல் நிலையத்தின் ஊதா முத்திரை ஏதாவது இருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டது ஏன் என்று அப்பாவிடம் கேளுங்கள்.